அவசரத்துக்கு விலை வைக்கும் விமான டிக்கெட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானக் கட்டண உயர்வு பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியையும், அதற்குப் பதிலாக வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். கட்டுப்படியாகாதவர்கள் ரயிலிலோ பஸ்ஸிலோ போகட்டும், விமானம் ஒன்றும் அத்தியாவசியப் பொருள் இல்லையே என்று அவர் கேட்டிருந்தார். கோபத்தில் எழுதியதாகத் தெரியவில்லை, நியாயமாகத் தோன்றியதைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் இந்தக் கட்டணம் எப்படிப் போடப்படுகிறது என்பதை 27 ஆண்டுகள் மிக அருகில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

1988 முதல் 2015 வரை ஒரு பயண ஏஜென்சியில் டிக்கெட் போடும் வேலை பார்த்தேன். நான் சேர்ந்தபோது டிக்கெட்டைக் கையால்தான் எழுதுவோம். தாளின் பின்பக்கம் சிவப்பு கார்பன் பூசியிருக்கும், மாலையில் வீட்டுக்குப் போகும்போது விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும். ஒரு எழுத்து தப்பினாலும் அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வேறு எழுத வேண்டும். காகித டிக்கெட் 2008 ஜூன் முதல் தேதியோடு உலகம் முழுக்க நின்றுபோனது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் காலத்தில் கட்டணம் கணக்குப் போட்ட முறையைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

மேசை மேல் தடித்தடியாகக் கட்டணப் புத்தகங்கள் இருக்கும். இரண்டு ஊர்களுக்கு இடையே ஒரு கட்டணம் இருந்தால், அந்தக் கட்டணத்துக்கு அதிகபட்சம் எத்தனை மைல் பறக்கலாம் என்றும் பக்கத்திலேயே போட்டிருக்கும். பயணி சுற்றுவழியில் போக நினைத்தால், நடுவில் மாறும் ஊர்களுக்கெல்லாம் மைல் கூட்டிப் பார்ப்போம். வரம்பைத் தாண்டினால் ஐந்து சதவீதம் கூடுதல். இன்னும் தாண்டினால் பத்து, அப்புறம் பதினைந்து, இருபது, இருபத்தைந்து. அதற்கு மேல் போனால் அந்தக் கட்டணமே செல்லாது, பயணத்தைப் பிரித்து வேறு மாதிரி கணக்குப் போட வேண்டும். விமான டிக்கெட் அன்றும் விலை கூடியதுதான். இன்றைய கட்டணத்தை விடப் பல நேரம் அதிகமாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எதற்காக இவ்வளவு என்று ஒருவர் கேட்டால் மைல் கணக்கைக் காட்டி என்னால் பதில் சொல்ல முடிந்தது.

மாற்றம் அமெரிக்காவில் தொடங்கியது. அதுவரை அங்கே உள்நாட்டு விமானக் கட்டணங்களை அரசு வாரியம் ஒன்று தீர்மானித்துவந்தது. 1978-ல் வந்த சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. சில ஆண்டுகளிலேயே பீப்பிள் எக்ஸ்பிரஸ் மாதிரியான மலிவு நிறுவனங்கள் கிளம்பின. பழைய நிறுவனங்களுக்கு அவர்களோடு விலையில் மோதினால் நஷ்டம், மோதாவிட்டால் பயணிகள் போய்விடுவார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985-ல் ஒரு வழி கண்டுபிடித்தது. அதே விமானத்தில் சில இருக்கைகளை மட்டும் முன்கூட்டியே வாங்குபவர்களுக்கு அடிமாட்டு விலையில் கொடுப்பது, மற்றவற்றைக் கடைசி நேரத்தில் வருபவர்களுக்கு முழு விலையில் விற்பது. எத்தனை இருக்கையை எந்த விலையில் திறப்பது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். இரண்டு ஆண்டுகளில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் இன்னொரு நிறுவனத்துக்குள் கரைந்தது. அந்த முறை மட்டும் உலகத்தில் எல்லா விமான நிறுவனங்களுக்கும் போய்ச் சேர்ந்தது, என் மேசைக்கும் வந்தது.

எங்கள் கணினித் திரையில் அது வெறும் எழுத்துகளாகத்தான் தெரியும். ஒய், பி, எம், கே, கியூ என்று ஒவ்வொரு எழுத்தும் ஒரு விலை. எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அந்த விலையில் இன்னும் எத்தனை இருக்கை விற்கலாம் என்பது அது. ஒன்பதுக்கு மேல் எத்தனை இருந்தாலும் ஒன்பது என்றுதான் காட்டும். எல்லா எழுத்தும் ஒரே எகானமி பகுதிதான். அதே அகலமுள்ள இருக்கை, அதே சாப்பாட்டுத் தட்டு, அதே ஜன்னல்.

ஒரு நாள் மாலை, கடை மூடும் நேரம். இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு பையன் வந்தான். அப்பா தவறிவிட்டார், காலை விமானத்தில் போக வேண்டும் என்றான். திரையைப் பார்த்தேன். ஒய் ஒன்பது, பி ஒன்பது. மற்ற எழுத்துகள் எல்லாம் பூஜ்யம். அதாவது விமானத்தில் தாராளமாக இடம் இருக்கிறது, குறைந்த விலைகளை மட்டும் மூடிவிட்டார்கள். மூன்று வாரம் முன்பு அதே காலை விமானத்துக்கு, அதே தேதிக்கு, சுற்றுலா போகும் ஒரு குடும்பத்துக்கு நானே டிக்கெட் போட்டிருந்தேன். அவர்கள் ஆளுக்குக் கொடுத்ததைப்போல நான்கு மடங்கு இவன் கொடுக்க வேண்டியிருந்தது.

அவன் என் பக்கத்தில் வந்து நின்று திரையைப் பார்த்தான். ஒன்பது என்றால் என்ன என்று கேட்டான். சொன்னேன். "அக்கா, இடம்தான் இருக்கே, அப்புறம் ஏன் இந்த விலை?" என்றான். விளக்கம் எனக்குத் தெரியும். பயிற்சி வகுப்பில் மூன்று நாள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் வருபவர் பெரும்பாலும் கம்பெனிச் செலவில் பறக்கும் அதிகாரி, அவருக்கு விலை ஒரு பொருட்டில்லை, அவரிடம் கூடுதலாக வாங்கித்தான் மற்றவர்களுக்கு மலிவாகக் கொடுக்க முடிகிறது என்பது அந்த விளக்கம். அப்பாவைப் பறிகொடுத்து நின்ற பையனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் இரண்டு நண்பர்களுக்கு போன் செய்து, பணத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து, ஒன்றரை மணி நேரம் கழித்து டிக்கெட் வாங்கிக்கொண்டு போனான். அதுவரை கடையைத் திறந்து வைத்திருந்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அந்த முறைக்குத் துக்க வீட்டுக்குப் போகிறவரையும் ஒப்பந்தம் பேசப் போகிறவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டு பேருமே அதற்குக் கடைசி நேரத்துப் பயணிதான். விமானக் கட்டணம் உயர்கிறது என்று நாம் பேசும்போது சராசரிக் கட்டணத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். சராசரியில் இந்தப் பையன் காணாமல் போய்விடுகிறான்.

விமான நிறுவனங்களின் சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன், அவர்களோடு பழகியவள் நான். அவர்களுடைய சங்கமான ஐயாட்டா 2025 ஜூனில் கொடுத்த கணக்குப்படி, ஒரு பயணிக்கு நிகர லாபம் ஏழு டாலர் அளவில்தான் நிற்கும். செலவில் கால் பங்கோ அதற்கு மேலோ எரிபொருளுக்கே போகும். மின்சாரத்தில் ஓடும் ரயிலுக்கு எண்ணெய் விலை ஏறினால் அதே வேகத்தில் செலவு ஏறாது. விமானத்துக்கு வேறு வழி கிடையாது. போதாக்குறைக்கு விமானங்களே போதுமான அளவு கிடைப்பதில்லை. இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தபிறகு போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் 2019 மார்ச் முதல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தரையில் நின்றன. 2023-ல் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் புதிய இன்ஜின்களின் பாகங்களைச் செய்யப் பயன்பட்ட உலோகத் தூளில் குறை இருப்பது தெரிந்து, நூற்றுக்கணக்கான ஏர்பஸ் விமானங்களைச் சோதனைக்காக நிறுத்த வேண்டிவந்தது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வான்வழி பல நாட்டு நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போன பின்லாந்து விமானம் இப்போது பதின்மூன்று மணி நேரம் சுற்றிப் போகிறது. அந்த மூன்றரை மணி நேர எரிபொருளை யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். இதெல்லாம் நிஜமான செலவு. இதற்காகக் கட்டணம் ஏறினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஏறும்போது காட்டும் கணக்கை இறங்கும்போதும் காட்ட வேண்டும், இல்லையா? அங்கேதான் எனக்கு மனத்தாங்கல். டிக்கெட்டில் வரிகளுக்கான பகுதியில் 'ஒய் கியூ' என்று ஒரு தலைப்பில் ஒரு தொகை இருக்கும். பயணிகள் அதை அரசாங்க வரி என்று நினைத்துக்கொள்வார்கள். அது வரி அல்ல, எரிபொருளுக்கென்று விமான நிறுவனமே வசூலிக்கும் கூடுதல் கட்டணம். குழந்தைக்குத் தள்ளுபடி உண்டு என்றால் அடிப்படைக் கட்டணத்தில்தான், பெரும்பாலும் இந்தத் தொகையில் கிடையாது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது இந்தத் தலைப்பில் இருந்த தொகை மாதத்துக்கு மாதம் ஏறியதை நான் பார்த்தேன். சில டிக்கெட்டுகளில் அடிப்படைக் கட்டணத்தை விட அது பெரியதாக இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணெய் 40 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. என் திரையில் அந்தத் தொகை அதே வேகத்தில் இறங்கவே இல்லை. தினமும் பயணிகளிடம் அதற்குப் பதில் சொன்னது கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த நாங்கள்தான்.

நேர்மையாகச் செய்ய முடியாதா என்றால் முடியும். ஜப்பானில் சர்வதேச விமானங்களுக்கு எரிபொருள் விலை எந்த அளவில் இருந்தால் எவ்வளவு கூடுதல் கட்டணம் என்று முன்கூட்டியே அட்டவணை வெளியிட்டுவிடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதன்படி ஏற்றுகிறார்கள், அதன்படியே இறக்குகிறார்கள். பயணியே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது ரயிலில் போகட்டும் என்று எழுதிய வாசகருக்கு வருகிறேன். ரயில் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 1964 முதல் அதிவேக ரயில் ஓடுகிறது. அங்கே முன்பதிவு இருக்கைக்கான வழக்கமான கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. கூட்டமான நாளுக்கும் சாதாரண நாளுக்கும் வித்தியாசம் சில நூறு யென்தான். ஒரு மாதம் முன்பே வாங்கினாலும், இன்னும் பத்து நிமிடத்தில் கிளம்பும் ரயிலுக்குக் கவுன்ட்டரில் வாங்கினாலும் அதே விலை. அந்தப் பையன் அங்கே நின்றிருந்தால் யாரிடமும் கடன் கேட்டிருக்க வேண்டாம். மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் நடுவே 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. 2008-ல் அதிவேக ரயில் முழுமையாக வந்தபிறகு இரண்டரை மணி நேரப் பயணம், விமானத்தில் போனவர்களில் பெரும்பகுதியினர் ரயிலுக்கு மாறிவிட்டார்கள். 2021-ல் தொடங்கி வேறு நிறுவனங்களும் அந்தத் தண்டவாளத்தில் ரயில் விட்டதும் கட்டணம் இன்னும் இறங்கியது. விமான நிலையத்துக்குப் போகும் நேரம், அங்கே காத்திருக்கும் நேரம், பெட்டி வருவதற்கு நிற்கும் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் இந்தத் தூரத்துக்கு ரயிலே வேகம். இத்தகைய வழித்தடத்தில் விமானக் கட்டணம் ஏறினால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

அத்தகைய ரயில் உலகத்தில் எத்தனை இடத்தில் இருக்கிறது? கடல் குறுக்கே இருந்தால் என்ன செய்வது? தீவில் இருப்பவருக்கு விமானம்தான் பஸ். ஸ்பெயின் அரசு இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. கேனரி, பேலியாரிக் தீவுகளில் குடியிருப்பவர்கள் நாட்டின் மற்ற பகுதிகளுக்குப் பறக்கும்போது கட்டணத்தில் 75 சதவீதத்தை 2018 முதல் அரசே ஏற்றுக்கொள்கிறது. தரை வழி இருந்தும் இரண்டு நாள் ஆகும் தூரங்கள் இருக்கின்றன. அங்கே விமானம் வசதி இல்லை, நேரத்துக்குப் போய்ச் சேர்வதற்கு இருக்கும் ஒரே வழி.

இதை எழுதுவதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. நான் ஓய்வுபெற்ற அடுத்த ஆண்டு என் சின்ன அண்ணன் திடீரென்று இறந்துபோனார். எங்கள் வீட்டில் நான்கு பேர் போக வேண்டும். விமானக் கட்டணம் பார்த்தேன். எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் பார்த்தவுடனே புரிந்துவிட்டது, மேல் விலை மட்டும்தான் திறந்திருந்தது. நான்கு பேருக்கு எங்களால் முடியவில்லை. நான் மட்டும் போகிறேன் என்று சொல்லவும் மனம் வரவில்லை, அண்ணனோடு என் பிள்ளைகளும் வளர்ந்தவர்கள். ரயிலில் எப்படியோ இடம் கிடைத்தது. டிக்கெட் விலை ஒரு மாதம் முன்பு வாங்கியிருந்தால் என்னவோ அதேதான். முப்பத்தொரு மணி நேரம் பயணம் செய்து போய்ச் சேர்ந்தோம். அதற்கு முந்தைய நாள் மாலையே எல்லாம் முடிந்திருந்தது. அண்ணி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தேழு ஆண்டு விமான டிக்கெட் போட்டவள் ஏன் ரயிலில் வந்தாள் என்று வந்திருந்தவர்கள் கேட்டார்கள்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. ரயிலும் பஸ்ஸும் மெதுவாக விமானத்தின் பாதைக்கு வந்துகொண்டிருக்கின்றன. பிரான்சின் ரயில்வே 1993-லேயே அமெரிக்கன் ஏர்லைன்ஸின் சேபர் என்ற பதிவு முறையை வாங்கி, சாக்ரட் என்று பெயர் வைத்துத் தன் ரயில்களுக்குப் பயன்படுத்தியது. அப்போது அங்கே பயணிகள் எவ்வளவோ எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இன்று ஐரோப்பாவில் பல நீண்டதூர ரயில்களிலும் தனியார் பஸ்களிலும் நாள் நெருங்க நெருங்க விலை ஏறுகிறது. ரயிலில் போங்கள் என்று சொல்லும் வாசகர் இதையும் யோசிக்க வேண்டும். விமானத்தில் இதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டால், நாளை அவர் காட்டும் ரயிலிலும் இதே நான்கு மடங்கு வந்து நிற்கும்.

நான் கேட்பது பழைய மைல் புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதல்ல. முன்கூட்டியே வாங்குபவருக்கு மலிவாகக் கொடுப்பதால் எத்தனையோ பேர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பறந்திருக்கிறார்கள், அந்த டிக்கெட்டுகளை நானே சந்தோஷமாகப் போட்டிருக்கிறேன். ஒரே விமானத்தில், ஒரே பகுதியில், குறைந்த விலைக்கும் அதிக விலைக்கும் இடையே ஒரு எல்லை வேண்டும் என்றுதான் கேட்கிறேன். இரண்டு மடங்கா, இரண்டரை மடங்கா என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். இந்தோனேசியாவில் உள்நாட்டு எகானமி கட்டணத்துக்கு அரசு மேல்வரம்பு வைத்திருக்கிறது. கொரோனா காலத்தில் இந்தியா 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை பறக்கும் நேரத்தை வைத்துக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் நிர்ணயித்தது. மேல்வரம்பு இருந்ததால் விமானங்கள் நின்றுவிடவில்லை.

துக்கத்துக்குப் போகிறவர்களுக்கென்று தனிக் கட்டணம் ஒரு காலத்தில் பல நிறுவனங்களில் இருந்தது. ஒன்றொன்றாக எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் டெல்டா, கனடாவின் ஏர் கனடா போன்ற சில நிறுவனங்கள் மட்டும் இன்னும் வைத்திருக்கின்றன. இறந்தவரின் பெயர், உறவு, மருத்துவமனை அல்லது இறுதிச்சடங்கு நடக்கும் இடம் ஆகிய விவரங்களைக் கேட்டுக்கொண்டு கொடுக்கிறார்கள். ஏமாற்றுவார்கள் என்று பயந்தால் சான்றிதழ் வந்தபிறகு மீதியைத் திருப்பித் தரலாம். ஒரு விமானத்தில் இப்படி எத்தனை பேர் வரப்போகிறார்கள்? நாற்பது பேர் வர மாட்டார்கள், ஒருவரோ இருவரோதான். இதை எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்குவது ஒன்றும் பெரிய சுமை அல்ல என்று கவுன்ட்டரில் இருந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை விமானக் கட்டணம் பற்றிச் செய்தி போடும்போது சராசரியை மட்டும் போடாதீர்கள். ஒரே விமானத்தில் ஒரு மாதம் முன்பு வாங்கியவர் எவ்வளவு கொடுத்தார், முந்தைய நாள் வாங்கியவர் எவ்வளவு கொடுத்தார், அதே தூரத்துக்கு அன்று ரயிலிலும் பஸ்ஸிலும் எவ்வளவு, போய்ச்சேர எத்தனை மணி நேரம் என்று பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். விவரம் வேண்டும் என்றால் வாசகர்களையே கேளுங்கள். அவசரத்துக்குப் பறந்தவர்கள் வீட்டில் டிக்கெட் இருக்கும், எத்தனை ஆண்டு ஆனாலும் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள். அனுப்பினால் படித்துப் பிரித்துத் தர நான் இருக்கிறேன். ஒய் எது, கியூ எது என்று இன்னும் மறக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற பயண ஏஜென்சி ஊழியர்